ஜோடிக் கார்டு

நம் வீடுகளில் கார்டுகளுக்குப் பஞ்சம் இல்லை. ரேஷன் கார்டு இருக்கிறது. ஆதார் கார்டு இருக்கிறது. பாங்கிக் கார்டு இருக்கிறது. போதாக்குறைக்கு, கல்லூரிக்குப் போகிற பிள்ளையோ பெண்ணோ இருக்கிற வீட்டில் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. மற்றக் கார்டுகளை மணிபர்ஸில் வைக்கலாம். இதை வைக்க முடியாது. செங்கல் அளவு இருக்கும். சிலது இரண்டு செங்கல் அளவு. அதன் மேல் இரண்டு மூன்று மின்விசிறிகள் வேறு!

இதன் விலையைக் கேட்டு முதலில் மூர்ச்சை போட்டு, பிறகு தெளிந்து, "சரி, படிப்புக்கும் ஆகும் என்கிறார்களே" என்று ஒருவழியாக வாங்கிக் கொடுத்து, சில வருஷங்கள் நிம்மதியாக இருந்திருப்பீர்கள். அப்புறம் ஒரு நாள், நீங்கள் நல்ல மனநிலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா, இதே மாதிரி இன்னொரு கார்டு மலிவாகக் கிடைக்கிறது. இரண்டையும் ஜோடி சேர்த்துப் போட்டுவிட்டால் வேகம் இரட்டிப்பாகிவிடும்" என்று குழைந்த குரலில் ஒரு பேச்சு எழும்.

வாங்கலாமா, கூடாதா?

இதைக் கொஞ்சம் விவரமாகவே பேசலாம். "உனக்கு ஒன்றும் தெரியாது, அம்மா" என்ற வாக்கியத்தை இம்மாதிரி விவகாரங்களில் அதிகமாகக் கேட்பவர்கள் நாம்தான். பணத்தை எடுத்துக் கொடுப்பவர்களும் பெரும்பாலும் நாம்தான்.

முதலில், இந்தக் கார்டு என்ன செய்கிறது? சினிமாவில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அவை முன்பே பிடித்துவைத்த படங்கள், ஓட்டினால் போதும். கம்ப்யூட்டர் விளையாட்டில் அப்படி இல்லை. விளையாடுகிறவர் இடது பக்கம் திரும்புவாரா, வலது பக்கம் ஓடுவாரா, சும்மா நின்று வானத்தைப் பார்ப்பாரா என்று யாருக்கும் தெரியாது. அவர் திரும்பிய பிறகுதான், திரும்பிய பக்கத்துச் சித்திரத்தை எழுத வேண்டும். அதுவும் விநாடிக்கு 60 சித்திரம். சாதாரணத் திரையில் ஒரு சித்திரத்துக்கு இருபது லட்சத்துக்கு மேல் புள்ளிகள். மார்கழி மாதத்தில் ஒரு இருபத்தொரு புள்ளிக் கோலத்துக்கே நமக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது; இதை நினைத்துப் பாருங்கள். இந்தக் கோலம் போடுகிற வேலைதான் கிராபிக்ஸ் கார்டின் வேலை.

கோலம் போட ஒருத்திக்குப் பதில் இரண்டு பேர் இருந்தால் சீக்கிரம் முடியாதா? நியாயமான கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்டு, அதற்கு ஒரு பதிலையும் முதலில் கடைக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவில் 3டிஎஃப்எக்ஸ் என்ற கம்பெனிக்காரர்கள். 1998-ல் 'வூடூ 2' என்ற கார்டைக் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட இரண்டு கார்டுகளை ஒரு சின்ன நாடாவால் இணைத்துவிட்டால், திரையில் ஒற்றைப்படைக் கோடுகளை ஒரு கார்டும் இரட்டைப்படைக் கோடுகளை இன்னொரு கார்டும் எழுதும். பாய் பின்னும்போது ஒரு கோரை நீ, ஒரு கோரை நான் என்று பங்கு போட்டுக்கொள்கிற மாதிரி. வேடிக்கை என்னவென்றால், வூடூ 2 விளையாட்டுச் சித்திரம் மட்டும்தான் எழுதும். சாதாரணமாகக் கடிதம் அடிக்க, கணக்குப் போட, தனியாக இன்னொரு கார்டு இருந்தே தீரவேண்டும். ஆக, ஜோடி என்று பெயர். உள்ளே இருப்பது மூன்று! ஆனாலும் விளையாட்டுப் பிரியர்கள் கொண்டாடினார்கள். அந்த நாளில் 1024-க்கு 768 என்ற அளவில் துல்லியமான படத்தை வேகமாக ஓடவிட்ட பெருமை அந்த ஜோடிக்கு உண்டு.

3டிஎஃப்எக்ஸ் நெடுநாள் நிலைக்கவில்லை. 2000 டிசம்பரில், போட்டிக் கம்பெனியான என்விடியாவே அதன் சொத்துக்களை வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் செய்தது. நாலு வருஷம் கழித்து, 2004-ல், என்விடியா பழைய எஸ்.எல்.ஐ. என்ற மூன்று எழுத்துப் பெயரையே எடுத்து, விரிவை மட்டும் மாற்றி, மறுபடி ஜோடிக் கார்டைக் கொண்டுவந்தது. கானடாவைச் சேர்ந்த ஏ.டி.ஐ. கம்பெனி சும்மா இருக்குமா? அடுத்த வருஷமே 'கிராஸ்ஃபயர்' என்று தன் ஜோடியை இறக்கியது. 2006-ல் அந்தக் கம்பெனியை ஏ.எம்.டி. வாங்கிக்கொண்டது. அப்புறம் பத்து வருஷத்துக்குப் போட்டா போட்டிதான். இரண்டு போய் மூன்றாயிற்று. மூன்று போய் நாலாயிற்று. 2014-ல் ஏ.எம்.டி. ஒரே பலகையில் இரண்டு சில்லுகளைப் பதித்து, தண்ணீர்க் குழாய் வைத்துக் குளிர்வித்து, 500 வாட் மின்சாரம் குடிக்கிற கார்டு ஒன்றை 1,499 டாலருக்கு விற்றது. அதற்குக்கூட வாங்குவோர் இருந்தார்கள்.

ஜோடி என்றாலே வீண் செலவு என்று நான் சொல்லவில்லை. ஒரு காலத்தில் அது கெட்டிக்காரத்தனமான சமாசாரமாகவே இருந்தது. 2010-ல் என்விடியாவின் பெரிய கார்டான ஜி.டி.எக்ஸ். 480-க்கு 499 டாலர் விலை. அதே வருஷம் ஜூலையில் வந்த 460 என்ற சின்னக் கார்டு 199 டாலரிலிருந்து கிடைத்தது. இரண்டு சின்னக் கார்டு வாங்கி ஜோடி சேர்த்தவர்கள், ஜோடிக்கு ஒத்துழைத்த ஆட்டங்களில் பெரிய கார்டுக்காரரை முந்தினார்கள். கையில் நூறு டாலரும் மிச்சம். இன்றைக்கும் ஜோடிக் கார்டுக்கு வக்காலத்து வாங்கும் அண்ணாக்களும் மாமாக்களும் பெரும்பாலும் அந்தக் காலத்து ஞாபகத்தில்தான் பேசுகிறார்கள்.

'ஒத்துழைத்த ஆட்டங்களில்' என்று சொன்னேன் அல்லவா? சூட்சுமம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ஜோடிக் கார்டுகள் வேலையைப் பங்கிடும் முறை நாளடைவில் மாறிவிட்டது. கோடு கோடாகப் பங்கிடுவது போய், ஒரு முழுச் சித்திரத்தை இது எழுத, அடுத்த முழுச் சித்திரத்தை அது எழுத, மாற்றி மாற்றி எழுதுவது என்று ஆயிற்று. வீட்டில் தோசை வார்ப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அடுப்பு, இரண்டு கல், வார்ப்பதற்கு அத்தையும் மருமகளும். ஒரு கல்லில் நிமிஷத்துக்கு ஒரு தோசை என்றால், இரண்டு கல்லில் நிமிஷத்துக்கு இரண்டு தோசை. கணக்கு சரிதான். ஆனால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தோசையை எடுத்து இலையில் போட்டால் என்ன ஆகும்? சாப்பிடுகிறவர் முன்னால் இரண்டு தோசை ஒன்றாக விழும். பிறகு வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு அவர் காத்திருக்க வேண்டும். மணிக்கு எத்தனை தோசை என்ற கணக்கில் குறையே இல்லை. சாப்பிடுகிறவருக்குத்தான் திருப்தி இல்லை.

இதேதான் திரையில் நடந்தது. விநாடிக்கு 60 சித்திரம் என்றால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சுமார் 16.7 மில்லி விநாடி இடைவெளி இருக்க வேண்டும். ஜோடிக் கார்டில் ஒரு சித்திரம் 5 மில்லி விநாடியிலும், அடுத்தது 28 மில்லி விநாடியிலும் வந்து விழும். சராசரி பார்த்தால் 60-தான். கண்ணுக்கோ ஒரு குலுக்கல், ஒரு திக்கல். "நம்பர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏதோ சரியில்லை" என்று வெகு நாளாகப் பல பேர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். 2011-ல் ஸ்காட் வாஸன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், விநாடிக் கணக்கை விட்டுவிட்டு, ஒவ்வொரு சித்திரத்துக்கும் எத்தனை நேரம் ஆகிறது என்று தனித்தனியாக அளந்து எழுதினார். அதற்குப் பிறகு எல்லோரும் அதே வழியில் அளக்கத் தொடங்க, 2013-ல் குட்டு வெளிப்பட்டது. கிராஸ்ஃபயர் ஜோடி எழுதிய சித்திரங்களில் சில, திரையில் நாலைந்து கோடு அளவே தெரிந்து மறைந்தன. கணக்கில் மட்டும் முழுச் சித்திரமாக ஏறிவிட்டன! அந்த ஆகஸ்டில் ஏ.எம்.டி. அதைச் சீர்ப்படுத்த ஒரு மென்பொருளை வெளியிட்டது. நிலைமை கொஞ்சம் தேறியது என்பதும் வாஸ்தவம்.

அடுத்த தொல்லை இன்னும் பெரியது. இப்போதைய விளையாட்டுகள் ஒரு சித்திரத்தை வெறுமே எழுதுவதில்லை. முந்தின சித்திரத்தைப் பார்த்து, அதிலிருந்து ஓரங்களை மழுக்கி, நிழலைச் சீர்செய்து எழுதுகின்றன. ஸ்வெட்டர் பின்னுகிற சகோதரிகளுக்கு உடனே புரியும். கீழ் வரிசை முடிந்தால்தான் மேல் வரிசையைப் பின்ன முடியும். ஆளுக்கொரு வரிசை என்று இரண்டு பேர் உட்கார்ந்தால், ஒருத்தி முடிக்கும்வரை மற்றவள் ஊசியை வைத்துக்கொண்டு கொட்டாவி விட வேண்டியதுதான். 2014-க்குப் பிறகு இந்த முறை பரவப் பரவ, ஜோடிக் கார்டுக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது.

ஞாபகசக்தி விஷயத்தில் பல பேர் ஏமாந்து போகிறார்கள். ஒவ்வொரு கார்டிலும் சித்திரச் சாமான்களை வைத்துக்கொள்ள மெமரி என்று ஒன்று உண்டு. 8 ஜி.பி. கார்டு இரண்டு போட்டால் 16 ஜி.பி. ஆகிவிடும் என்று கடைக்காரப் பையன்கூடச் சொல்லுவான். ஆகாது. இரண்டு அடுப்பு இருக்கிற சமையலறையில், இரண்டு பேருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் தனித்தனி அஞ்சறைப் பெட்டி வேண்டும். இரண்டிலும் அதே கடுகு, அதே மிளகு, அதே சீரகம். பெட்டி இரண்டு என்பதால் ஏழாவது சாமான் வந்துவிடாது. விளையாட்டில் 8-ம் 8-ம் 8 தான்.

இத்தனையையும் மீறி ஜோடிக் கார்டு ஓடியதற்குக் காரணம், கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாக உட்கார்ந்து, "இந்த ஆட்டத்தில் இப்படிப் பங்கு போடு" என்று குறிப்பு எழுதிக் கொடுத்ததுதான். வாங்குகிறவர்களோ கொஞ்சம் பேர். அவர்களுக்காக எத்தனை நாள் எழுதுவார்கள்? 2015-ல் மைக்ரோஸாஃப்ட் டைரக்ட்எக்ஸ் 12 கொண்டுவந்தபோது, பங்கு போடுகிற பொறுப்பை விளையாட்டு தயாரிக்கிறவர்களே ஏற்கலாம் என்று வழி திறந்தது. ஏற்கலாம் என்றால் யார் ஏற்பார்கள்? கூட்டுக் குடும்பத்தில் "யாராவது மாவு அரைக்கலாம்" என்று சொன்னால் மாவு அரைபடுகிற கதைதான். ஒரு சிலர் ஏற்றார்கள். 'ஷேடோ ஆஃப் தி டூம் ரைடர்', 'சிவிலைசேஷன் 6', 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' என்று அந்தப் பட்டியலைக் கைவிரல், கால்விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

கம்பெனிகளும் மெல்லக் கழன்றுகொண்டன. 2016-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1060-ல் ஜோடி சேர்க்கும் வாயே இல்லை. 2018-ல் வந்த வரிசையில் பெரிய கார்டுகளுக்கு மட்டும் அந்த வசதி. இணைக்கும் பாலத்துக்குத் தனியாக 79 டாலர். 2020-ல் வந்த வரிசையில் 1,499 டாலர் விலையுள்ள 3090 ஒன்றுக்கு மட்டும். 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து பழைய கார்டுகளுக்கும் புதுக் குறிப்பு எழுதப் போவதில்லை என்று என்விடியா அறிவித்துவிட்டது. 2022-ல் வந்த 4090-ல் அந்த வாய் அடியோடு போயிற்று. 2025-ல் வந்த 5090-லும் இல்லை. ஏ.எம்.டி.யோ 2017-லேயே கிராஸ்ஃபயர் என்ற பெயரைச் சொல்வதைக் குறைத்துக்கொண்டது.

சரித்திரம் இப்படி இருக்க, இன்றைக்கு ஏன் பிள்ளைகள் மறுபடி ஜோடி ஜோடி என்கிறார்கள்? மலிவுதான் காரணம். ஒரு காலத்தில் எட்டாத விலையில் இருந்த கார்டுகள் இப்போது பழைய சாமான் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன.

என் தங்கையின் நாத்தனார் நங்கநல்லூரில் இருக்கிறாள். அவள் பெண் கட்டடக் கலை படிக்கிறாள், மூன்றாவது வருஷம். கெட்டிக்காரப் பெண். 2017-ல் அவள் மாமா வாங்கிக் கொடுத்த ஜி.டி.எக்ஸ். 1080 கார்டு அவளிடம் இருக்கிறது. அந்த நாளில் ராஜாத்தி மாதிரிக் கார்டு, 8 ஜி.பி. மெமரி. கல்லூரியில் சீனியர் பையன் ஒருவன் அதே கார்டை விற்கிறான் என்றதும் பெண்ணுக்கு ஜோடி ஆசை பிடித்துக்கொண்டது. அம்மாவுக்கு அந்த மாதம் சீட்டுப் பணம் வருகிறது என்பதும் பெண்ணுக்குத் தெரியும்.

"அக்கா, அவள் அண்ணன் பைக் கேட்டான். 'எந்த கலர்?' என்று மட்டும்தான் அவன் அப்பா கேட்டார். இவள் வாயைத் திறந்தால் 'எதற்கு, ஏன், இப்போது என்ன அவசரம்' என்கிறார். நான் சீட்டுப் பணத்தில் வாங்கிக் கொடுத்துவிடப் போகிறேன். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்!" என்றாள் நாத்தனார்.

"நான் ஏன் குறுக்கே பேசுகிறேன்? தாராளமாக வாங்கிக் கொடு. எதை வாங்குவது என்று மட்டும் ஒரு தடவை உட்கார்ந்து பார்ப்போம்" என்றேன்.

அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். பெண் ஆசைப்படுவதற்குக் கணக்குக் கேட்பதும், பிள்ளை ஆசைப்படுவதற்குப் பணம் நீட்டுவதும் நம் வீடுகளில் நடக்காத காரியமா? ஆனால் நியாயத்துக்காக வாங்குகிற சாமானாக இருந்தாலும், வாங்கிய பிறகு அது உழைக்க வேண்டும் அல்லவா?

பெண்ணை உட்கார்த்தி வைத்து, வைத்தியர் கேட்கிற மாதிரி ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இப்போது இருக்கிற கார்டுக்கு எங்கே வலிக்கிறது?"

"இரண்டு இடத்தில், பெரியம்மா. புது விளையாட்டுகளில் திணறுகிறது. அப்புறம், காலேஜ் புராஜெக்டுக்குக் கட்டடப் படத்தை பிளெண்டரில் முழுசாக எழுத விட்டால், பாதியில் மெமரி போதவில்லை என்று நின்றுவிடுகிறது."

விளையாட்டுகளின் பெயர்களை எழுதச் சொன்னேன். முதலில் 'சைபர்பங்க் 2077'. 2020-ல் வந்தது. ஜோடிக் கார்டு வைத்தாலும் ஒன்றுதான் வேலை செய்யும், மற்றது விருந்தாளி. அடுத்தது 2022-ல் வந்த 'எல்டன் ரிங்'. அதில் விநாடிக்கு 60 சித்திரத்துக்கு மேல் போகவே கூடாது என்று தயாரித்தவர்களே பூட்டுப் போட்டிருக்கிறார்கள்; பத்துக் கார்டு வைத்தாலும் 60. மூன்றாவது, 2025-ல் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்'. ஒளிக்கதிர் ஓடும் பாதையைக் கணக்கிடுகிற தனி அமைப்பு கார்டில் இல்லாவிட்டால் அந்த ஆட்டம் திறக்கவே திறக்காது. 1080-ல் அந்த அமைப்பு கிடையாது. ஒரு கார்டில் இல்லாதது இரண்டு கார்டில் மட்டும் எங்கிருந்து வரும்?

விளையாட்டு ஆசை அங்கேயே பாதி ஆறிப் போயிற்று. ஆனால் பெண் சளைக்கவில்லை. "விளையாட்டு கிடக்கட்டும். பிளெண்டருக்கு ஜோடி நன்றாக வேலை செய்யும், பெரியம்மா. அதற்கு எஸ்.எல்.ஐ.கூட வேண்டாம்" என்றாள்.

அவள் சொன்னது முற்றிலும் சரி. இந்த இடத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். விளையாட்டில் சித்திரம் உடனே வந்தாக வேண்டும். அதனால்தான் அத்தனை தகராறும். கட்டடப் படம், அனிமேஷன் இவற்றுக்குச் சித்திரத்தை நிதானமாக எழுதலாம். ஒரு மணி நேர வேலையைத் துண்டு துண்டாக வெட்டி இரண்டு கார்டுக்கும் கொடுத்தால், கிட்டத்தட்டப் பாதி நேரத்தில் முடிந்துவிடும். அப்பளம் இடுகிற மாதிரி. நீ உன் பலகையில் இடு, நான் என் பலகையில் இடுகிறேன், கடைசியில் எண்ணிக்கொள்ளலாம். செயற்கை அறிவு மாடல்களை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கும் ஜோடி உதவும். மாடலை வெட்டி இரண்டு கார்டுகளில் ஆளுக்குப் பாதி வைத்துவிடலாம். அங்கே மட்டும் 8-ம் 8-ம் 16.

இவளுடைய வலி வேகத்தில் இல்லையே! படம் 8 ஜி.பி.க்குள் அடங்கவில்லை என்பதுதான் இவளுடைய வலி. பிளெண்டரில் இந்த 1080 இரண்டு போட்டால், ஒவ்வொன்றும் முழுப் படத்தையும் தன் மெமரியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கார்டு பாதியில் நின்ற இடத்தில் இரண்டு கார்டும் சேர்ந்து நிற்கும். பெண் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தானே பென்சிலை எடுத்துக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்தாள்.

அந்தக் கணக்கு சுவாரஸ்யமாக இருந்தது. சீனியர் பையன் கேட்ட விலை குறைச்சல்தான். ஆனால் அவளிடம் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். 500 வாட், ஒரு கார்டுக்கே 180 வாட், ஜோடிக்கு 360. ஆகவே பெரிய எஸ்.எம்.பி.எஸ். வேண்டும். இரண்டு கார்டும் ஒன்றன் மேல் ஒன்று மூச்சுவிடுவதால் காற்றோட்டமுள்ள கேபினெட் வேண்டும். விளையாட்டுக்கு ஜோடி சேர்க்க மதர்போர்டில் இரண்டாவது வாய் அகலமானதாக இருக்க வேண்டும். அவளுடையதில் அது ஒடுக்கம். மதர்போர்டை மாற்றினால் பிராசஸரை மாற்ற வேண்டும். பிராசஸரை மாற்றினால் ராமையும் மாற்ற வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

மின்சாரத்தை விட்டுவிட்டாளே என்று நாத்தனார் எடுத்துக் கொடுத்தாள். தினம் மூன்று மணி நேரம் ஓடினால், கூடுதலான அந்த 180 வாட்டுக்கு மட்டும் இரண்டு மாதத்தில் சுமார் 32 யூனிட். படி ஏற ஏற விலை ஏறுகிற மின்சாரக் கணக்கில் அது எந்தப் படியில் போய் உட்காரும் என்பது அவரவர் வீட்டைப் பொறுத்தது. அது மட்டுமா? குடிக்கிற மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். 360 வாட் என்றால் இஸ்திரிப் பெட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதைச் சித்திரை மாதத்தில் பத்துக்குப் பத்து அறையில் மூன்று மணி நேரம் போட்டுவைத்து, அந்தச் சூட்டை வெளியேற்ற ஏ.சி.யையும் ஓடவிட வேண்டும்.

இன்னொரு விஷயம் அவளுக்கே தெரிந்திருந்தது. சொல்லத்தான் மனசு வரவில்லை. 1080 வகைக் கார்டுகளுக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் எழுதுவதை 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொள்வதாக என்விடியா அறிவித்திருந்தது. அதன் பிறகு 2028 வரை பாதுகாப்புக்கான திருத்தம் மட்டும்தான். ஓய்வூதியம் வாங்கப் போகிறவரைப் புதிதாக வேலைக்கு அமர்த்துவது போலத்தான்.

அப்படியானால் என்ன வாங்குவது? 2025 ஏப்ரலில் வந்த ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. என்ற கார்டில் 16 ஜி.பி. மெமரி உள்ள ரகம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் அதற்கு அறிவித்த விலை 429 டாலர். வேகத்தில் 1080-ஐ நன்றாக மிஞ்சும். ஒளிக்கதிர் அமைப்பும் உண்டு. வேடிக்கையைப் பாருங்கள்: இதுவும் 180 வாட்டுதான். பழைய கார்டு ஒன்று குடிக்கிற அதே மின்சாரம். எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட், மதர்போர்டு எதையும் தொட வேண்டாம். விலை சீனியர் பையன் கேட்டதைவிட மிக அதிகம்தான். ஆனால் சுமைகூலி எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, பழைய கார்டை விற்று வருகிற தொகையையும் கழித்தபோது, வித்தியாசம் நாத்தனாரின் சீட்டுப் பணத்துக்குள் அடங்கியது.

வாங்கும்போது ஒரு ஜாக்கிரதை. இதே பெயரில், இதே பெட்டியில், 8 ஜி.பி. ரகமும் விற்கிறார்கள். "கொஞ்சம் மலிவு, மேடம்" என்று அதை எடுத்து நீட்டுவார்கள். பெட்டியின் மேல் எண்ணைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

நாத்தனாரின் பெண்ணுக்குச் சொன்னது எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சாதிக்க மாட்டேன். அதே கல்லூரியில் அவளுடைய சிநேகிதி ஒருத்திக்குப் படம் மெமரிக்குள் அடங்கிவிடுகிறது. எழுதி முடிக்க ராத்திரி முழுவதும் ஆவதுதான் அவள் குறை. மதர்போர்டில் இடமும், எஸ்.எம்.பி.எஸ்.ஸில் தெம்பும் இருக்குமானால், அவளுக்கு இரண்டாவது கார்டு உண்மையாகவே உபயோகப்படும். 'லாஸ்லெஸ் ஸ்கேலிங்' என்ற மென்பொருளை வைத்துக்கொண்டு வேறொரு விதமாக ஜோடி சேர்க்கிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். பெரிய கார்டு சித்திரத்தை எழுதும். இரண்டாவது சின்னக் கார்டு, இரண்டு சித்திரங்களுக்கு நடுவே எப்படி இருந்திருக்கும் என்று யூகித்து ஒரு கற்பனைச் சித்திரத்தைச் செருகும். இரண்டும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய கார்டு சும்மா கிடந்தால் முயன்று பார்க்கலாம். பார்வைக்கு வழவழப்பாக ஓடும். ஆனால் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் நடுவே துளி தாமதம் கூடும். கதை ஆட்டங்களுக்குப் பாதகமில்லை. சுட்டுத் தள்ளுகிற போட்டி ஆட்டக்காரர்களுக்குப் பிடிக்காது. இதற்கென்று பணம் போட்டு வாங்குவது மட்டும் எனக்குச் சம்மதமில்லை.

பழைய கார்டுதான் வாங்குவது என்று தீர்மானித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021-ல் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறேன் என்று உலகமெங்கும் இந்தக் கார்டுகளை இரவு பகல் ஓயாமல் ஓட்டினார்கள். 2022 செப்டம்பரில் ஈத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அத்தனை கார்டும் சந்தைக்கு வந்து குவிந்தன. ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்தில் பளபளவென்று துடைத்துவைத்த கார்டின் பூர்வோத்தரம் நமக்குத் தெரியாது. கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள். கம்ப்யூட்டரில் மாட்டச் சொல்லி, ஏதாவது கனமான ஆட்டத்தை அரை மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். விசிறி கரகரக்கிறதா, திரையில் புள்ளி புள்ளியாகத் தெறிக்கிறதா, சட்டென்று அணைந்து போகிறதா என்று பார்த்துக்கொண்டே நில்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். கத்தரிக்காயையே புரட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள் இதற்குக் கூச்சப்படலாமா?

நங்கநல்லூரில் புதுக் கார்டு வந்து ஒரு மாதம் ஆகிறது. நின்று போயிருந்த கட்டடப் படம் முழுசாக எழுதி முடிந்து, கல்லூரியில் சமர்ப்பித்தாயிற்று. பழைய 1080-ஐ விற்கிற யோசனையில் மட்டும் ஒரு மாறுதல். அந்தச் சிநேகிதிதான் ஜோடிக்காக அதை வாங்கிக்கொண்டாள். அவளிடமும் 1080-தான் இருக்கிறதாம், ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தாளாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். அண்ணன்காரன் பைக்குக்கு ஏதோ பளபளப்பான சைலன்ஸர் மாற்ற வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அவர் பர்ஸைத் திறப்பதற்குள், உள்ளேயிருந்து தங்கை பென்சிலும் காகிதமுமாக வந்து உட்கார்ந்தாள்.

"இப்போது இருக்கிற சைலன்ஸருக்கு எங்கே வலிக்கிறது, அண்ணா?" என்றாள்.